‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’: படிக்கட்டில் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பாட்டு உண்டு. பெரிதாக ஒன்றுமில்லை. என்னுடைய கீபோர்டு, இரண்டு மைக், ஒரு குண்டான் சுண்டல், அவ்வளவுதான். தமிழ்ப் பாட்டுகளுக்கு நடுவே எப்படியும் ஒரு தடவை அமெரிக்கப் பாட்டு ஜோடியான கார்பென்டர்ஸின் ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ வந்துவிடும். முடிந்து படிக்கட்டில் இறங்கும்போது யாராவது ஒருவர் அதைப் பற்றி ஏதாவது கேட்பார். ஆறு வருடமாகக் கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறவில்லை. கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதிவைத்திருக்கிறேன். இனிமேல் இதைக் கையில் கொடுத்துவிட்டுச் சுண்டலைக் கவனிக்கலாம்.

பாட்டு எதைப் பத்தி? எனக்கு அந்த ‘ஷ-ல-ல-ல’ மட்டும்தான் புரிஞ்சுது.

சின்ன வயதில் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்து, பிடித்த பாட்டு எப்போது வரும் என்று காத்திருந்த ஒருவரின் நினைவு. பாட்டு வந்ததும் கூடவே பாடுவார், முகத்தில் சிரிப்பு வரும். அந்தக் காலம் போய்விட்டது, அந்தப் பாட்டுகளும் எங்கோ காணாமல் போய்விட்டன. இப்போது திடீரென்று மறுபடி கேட்கக் கிடைக்கின்றன. தொலைந்துபோன தோழன் வீட்டு வாசலில் வந்து நிற்பது போல இருக்கிறது. காதலன் காதலியின் மனத்தை உடைக்கிற இடம் வந்தால், அன்றைக்கு அழுத மாதிரியே இன்றைக்கும் அழுகை வருகிறது. கதை இவ்வளவுதான்.

உங்களுக்குப் புரிந்த ‘ஷ-ல-ல-ல’தான் பாட்டின் முக்கால்வாசி. அதற்குக் கீழே தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

இது பீட்டில்ஸ் பாட்டுதானே?

இல்லை. பீட்டில்ஸின் ‘யெஸ்டர்டே’ 1965இல் பால் மெக்கார்ட்னி பாடியது. பிரிந்துபோன பெண்ணைப் பற்றிய வேறு பாட்டு. இன்னொரு குழப்பமும் உண்டு: ‘ஒன்லி யெஸ்டர்டே’ என்று 1975இல் ஒன்று வந்தது. அதைப் பாடியதும் கார்பென்டர்ஸ்தான், ஆனால் அது நேற்றைய தனிமை போய் இன்று காதல் வந்ததைச் சொல்வது. செல்போனில் தேடும்போது ‘ஒன்ஸ் மோர்’ என்பதையும் சேர்த்துத் தேடுங்கள்.

கார்பென்டர்ஸ்னா புருஷன் பெண்டாட்டியா?

அண்ணன் தங்கை. ரிச்சர்ட் கார்பென்டர் 1946இல் பிறந்தவர், கேரன் 1950இல். பிறந்தது அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஹேவன் என்ற ஊரில். 1963இல் குடும்பம் கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்திலுள்ள டவுனி என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. அந்த வருடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரண்டு பேரும் சேர்ந்து காதல் பாட்டுகள் பாடியதால் அமெரிக்காவிலேயே பலர் தம்பதி என்று நினைத்ததுண்டு. நம் ஊரில் மட்டும் நடந்த குழப்பம் இல்லை.

எழுதினது கேரன்தானே? அவங்க வாழ்க்கையில நடந்த மாதிரியே இருக்கு.

அப்படித் தோன்றினால் அது பாடியவருடைய திறமை. எழுதியவர்கள் ரிச்சர்டும் ஜான் பெட்டிஸும். மெட்டு ரிச்சர்டுடையது. பெட்டிஸ் அவருக்குக் கல்லூரி நாள் நண்பர். ‘குட்பை டு லவ்’, ‘டாப் ஆஃப் தி வேர்ல்ட்’ இரண்டும் இதே ஜோடி எழுதியவை.

இந்த ஜோடியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1967இல் இருவரும் டிஸ்னிலேண்டில் ஒரு குளிர்பானக் கடையோரம் பியானோவும் பாஞ்சோவுமாக உட்கார்ந்து வாசிக்கிற வேலை பார்த்தார்கள். அங்கே வாசிக்க வேண்டியது இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பழைய பாட்டுகளை. வந்தவர்கள் கேட்டார்களே என்று புதுப் பாட்டுகளை வாசித்தார்கள், வேலை போயிற்று. பழைய பாட்டு வாசிக்க மாட்டேன் என்று வேலையை இழந்த அதே இரண்டு பேர் ஆறு வருடம் கழித்துப் பழைய பாட்டுக்காக உருகி இதை எழுதினார்கள். எனக்கு இந்தப் பாட்டில் ரொம்பப் பிடித்த சங்கதியே பாட்டுக்கு வெளியே இருக்கிற இதுதான்.

‘ஒன்ஸ் மோர்’னா நம்ம நாடகத்துல கத்துவாங்களே, அதுவா?

மூன்றாவது மாடித் தாத்தா கேட்டது. கேட்டபோது சிரித்தேன், அப்புறம் யோசித்தால் அதைவிட நல்ல விளக்கம் கிடையாது. நாடகக் கொட்டகைக் காலத்தில் ராஜபார்ட் ஒரு பாட்டைப் பாடி முடித்ததும் ஜனங்கள் ‘ஒன்ஸ்மோர்’ என்று கத்துவார்கள். கதை அங்கேயே நிற்கும். செத்துப்போன பாத்திரம்கூட எழுந்து உட்கார்ந்து இன்னொரு தடவை பாடியதாகக் கேலிக்கதைகள் உண்டு.

இங்கே கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர் நேற்றைய தினத்தைப் பார்த்து அப்படிக் கத்துகிறார். ‘நேற்று மீண்டும் ஒருமுறை’ என்று மொழிபெயர்த்தால் சவசவ என்று ஆகிவிடுகிறது. ‘நேற்றே, ஒன்ஸ்மோர்’ என்றால் சரியாக உட்காருகிறது.

எந்த வருஷம் வந்துது? நம்பர் ஒன் ஆச்சா?

1973 மே மாதம், ஏ அண்ட் எம் கம்பெனி வெளியீடு. அமெரிக்காவின் பில்போர்டு ஹிட் பாட்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் வரைக்கும் போனது. அந்த ஜூலையில் முதல் இடத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது ஜிம் குரோச்சியின் ‘பேட், பேட் லீராய் பிரவுன்’. பிரிட்டனிலும் இரண்டாம் இடம்தான். கார்பென்டர்ஸுக்கு அமெரிக்காவில் முதலிடம் மூன்று தடவை கிடைத்தது, இரண்டாம் இடத்தோடு நின்றுபோனது ஐந்து தடவை. கல்யாண வீட்டில் எப்போதும் இரண்டாம் பந்தி கிடைக்கிற ஆள் மாதிரி.

டிரம்ஸ் வாசிக்கிறது யாரு? கோரஸ்ல எத்தனை பேர் பாடறாங்க?

கேரன் முதலில் டிரம்ஸ்காரர், அப்புறம்தான் பாடகி. பள்ளிக்கூட பேண்டில் பிடித்த குச்சியைக் கடைசிவரை விடவில்லை. 1966இல் ஹாலிவுட் பவுல் அரங்கில் நடந்த இசைக்குழுப் போட்டியில் அண்ணனும் தங்கையும் ஒரு நண்பரும் சேர்ந்த மூவர் குழு ஜெயித்தபோது கேரனுக்கு வயது 16, வாசித்தது டிரம்ஸ். புகழ் வந்த பிறகு அவரை மேடையின் முன்னால் நிறுத்திப் பாடவைத்தார்கள், அதில் அவருக்கு முழு இஷ்டம் இருந்ததில்லை. ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ இடம்பெற்ற ‘நவ் அண்ட் தென்’ ஆல்பத்தில் பெரும்பாலான பாட்டுகளுக்கு டிரம்ஸ் அவர்தான்.

கோரஸில் இருபது பேர் நிற்கிற மாதிரிக் கேட்கும். இருப்பது இரண்டே பேர். ரிச்சர்டும் கேரனும் ஆளுக்குப் பல குரல்களைத் தனித்தனியாகப் பாடி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பதிவு செய்தார்கள். ரிச்சர்ட் இதைச் சின்ன வயதில் அப்பாவின் ரெக்கார்டுகளில், லெஸ் பாலும் மேரி ஃபோர்டும் பாடியவற்றைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமே ஒரே வீட்டுக் குரல் என்பதால் அடுக்கு எங்கே தொடங்குகிறது என்று தெரிவதில்லை. இதனால் மொட்டை மாடியில் நாம் என்ன செய்தாலும் அந்தக் கோரஸ் வராது. யாரும் என்னைக் குறை சொல்ல வேண்டாம்.

சரி, ‘ஷ-ல-ல-ல’வுக்கு என்னதான் அர்த்தம்?

அர்த்தம் கிடையாது. ‘தன்னானே தானே’வுக்கு என்ன அர்த்தமோ, ‘ஏலேலோ’வுக்கு என்ன அர்த்தமோ, அதே.

1950களில் அமெரிக்க நகரங்களில், முக்கியமாகக் கறுப்பின இளைஞர்கள், தெருமுனையிலும் கட்டட வாசலிலும் கூட்டமாக நின்று பாடுவார்கள். கையில் வாத்தியம் கிடையாது. ஆகவே ஒருவர் தொண்டையாலேயே பேஸ் வாசிப்பார், இன்னும் இரண்டு பேர் பின்னணி போடுவார்கள். அந்தப் பின்னணி ஒலிகள்தான் ‘ஷ-ல-ல’, ‘டூ-வாப்’, ‘வோ-வோ’ எல்லாம். பாணிக்கே ‘டூ-வாப்’ என்று பெயர் வந்துவிட்டது. 60களின் தொடக்கத்தில் பெண்கள் குழுக்கள் அதை எடுத்துக்கொண்டன. ‘டா டூ ரன் ரன்’ என்ற பாட்டுக்கு அந்த அர்த்தமில்லாத ஒலியே பெயர்.

கார்பென்டர்ஸ் பாட்டில் நான் கவனித்தது இதுதான். பழைய பாட்டுகளை நினைத்து உருகுகிற இந்தப் பாட்டு, அவற்றிலிருந்து ஒரு வரியைக்கூட எடுத்துச் சொல்வதில்லை. எடுத்து வைத்திருப்பது அர்த்தமில்லாத அசைகளை மட்டும். அவைதான் இன்னும் மின்னுகின்றன என்கிறது. உங்களையே சோதித்துப் பாருங்கள். பதினைந்து வயதில் உயிராகக் கேட்ட ஒரு பாட்டின் இரண்டாவது சரணத்தைச் சொல்லச் சொன்னால் திக்குவீர்கள். அதற்கு முன்னால் வருகிற ஹம்மிங்கைக் கேட்டால் நடுராத்திரியில் எழுப்பினாலும் பிசகாமல் பாடுவீர்கள். நினைவு வார்த்தையை உதறிவிட்டு ஒலியை வைத்துக்கொள்கிறது.

வரி கிடைக்காமத்தான் ‘ஷ-ல-ல’ போட்டு நிரப்பினாங்களாமே?

பாதி உண்மை. நம் சினிமாவில் இசையமைப்பாளர் தத்தகாரம், அதாவது வெறும் அசைகளில் மெட்டு, போட்டுக் கொடுப்பார், கவிஞர் அதற்கு வார்த்தை எழுதுவார். இங்கேயும் முதலில் அப்படித்தான். கோரஸில் அந்த அசைகளைத் தற்காலிகமாகப் போட்டுவைத்தார்கள், பிறகு உண்மையான வரியை எழுதி மாற்றுவதாக எண்ணம். மாற்ற உட்கார்ந்தபோது இதுவே சரியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்.

சோம்பேறித்தனம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். போன பதிலில் சொன்ன காரணத்தால், அந்த இடத்தில் எந்த நல்ல வரி வந்திருந்தாலும் பாட்டு கெட்டிருக்கும். தத்தகாரமே கவிதையாக நின்றுவிட்ட இடம் இது. அந்த அசைகளோடு வேலையை நிறுத்தத் தெரிந்தது பெரிய விஷயம்.

அண்ணே, பழைய பாட்டு பழைய பாட்டுன்னு சொல்றாங்களே, எந்தப் பாட்டுன்னு சொல்லவே இல்லையே?

பாட்டில் இல்லை, ஆல்பத்தில் இருக்கிறது. ‘நவ் அண்ட் தென்’ என்றால் ‘இப்போதும் அப்போதும்’. இசைத்தட்டின் முதல் பக்கம் ‘இப்போது’. அதில் ‘சிங்’, ‘திஸ் மாஸ்கரேட்’, ‘ஜம்பலாயா’ எல்லாம் வரும். இரண்டாம் பக்கம் ‘அப்போது’. அது ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ பாட்டில் தொடங்குகிறது, உடனே எட்டுப் பழைய பாட்டுகள் மாலையாகக் கோத்து வருகின்றன, கடைசியில் இதே பாட்டின் ஒரு சின்னத் துணுக்கோடு முடிகிறது. நடுநடுவே ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் படபடவென்று பேசுவார். அது உண்மையான அறிவிப்பாளர் இல்லை, அவர்களுடைய கிட்டார்காரர் டோனி பெலுசோ. ‘குட்பை டு லவ்’ பாட்டில் அந்த உறுமல் கிட்டாரை வாசித்தவரே இவர்.

எட்டுப் பாட்டுகள், வரிசைப்படி: ‘ஃபன், ஃபன், ஃபன்’ (பீச் பாய்ஸ்), ‘தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ (ஸ்கீட்டர் டேவிஸ்), ‘டா டூ ரன் ரன்’ (கிறிஸ்டல்ஸ்), ‘டெட் மேன்ஸ் கர்வ்’ (ஜான் அண்ட் டீன்), ‘ஜானி ஏஞ்சல்’ (ஷெல்லி ஃபாபரே), ‘தி நைட் ஹேஸ் எ தௌசண்ட் ஐஸ்’ (பாபி வீ), ‘அவர் டே வில் கம்’ (ரூபி அண்ட் தி ரொமாண்டிக்ஸ்), ‘ஒன் ஃபைன் டே’ (சிஃபான்ஸ்). கார் ஓட்டுகிற பாட்டு இரண்டையும் (‘ஃபன், ஃபன், ஃபன்’, ‘டெட் மேன்ஸ் கர்வ்’) பாபி வீ பாட்டையும் ரிச்சர்ட் பாடுகிறார், மிச்சம் கேரன்.

முடியற இடத்துல ஏதோ வண்டி உறுமற சத்தம் வருதே, ஃபைல் கெட்டுப்போச்சா?

கெடவில்லை. உங்களிடம் இருப்பது ஆல்பத்தில் வருகிற பதிவு. மேலே சொன்ன மாலையின் முதல் பாட்டு காரில் பறக்கிற பெண்ணைப் பற்றியது, அதற்குத்தான் அந்த எஞ்சின். தனி ரெக்கார்டாக வந்த பதிவில் உறுமல் கிடையாது, கோரஸ் மெல்ல மெல்ல ஒலி குறைந்து மறையும்.

இவை தவிர ரிச்சர்ட் பிற்காலத்தில் பழைய பாட்டுகள் பலவற்றை மறுபடி கலவை செய்து தொகுப்புகளில் வெளியிட்டார். 2018இல் லண்டன் ராயல் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவைப் பின்னால் வைத்து, கேரனின் பழைய குரலோடு சேர்த்து ஓர் ஆல்பமே போட்டார், அதிலும் இந்தப் பாட்டு உண்டு. பழைய கேசட்டில் கேட்டது இப்படி இல்லையே என்று உங்கள் காது சொன்னால் காதை நம்புங்கள். எது நல்லது என்று கேட்டால், என் ஓட்டு 1973க்குத்தான்.

எழுதும்போது அவங்களுக்கு ஐம்பது அறுபது வயசு இருக்குமா?

ரிச்சர்டுக்கு 26, பாடிய கேரனுக்கு 23.

இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. மேலே இருக்கிற எட்டுப் பாட்டுகளையும் பாருங்கள், எல்லாமே 1962க்கும் 1964க்கும் நடுவில் வந்தவை. அதாவது 1973இல் அவற்றுக்கு வயது ஒன்பதிலிருந்து பதினொன்று. பத்து வருடத்துக்கு முன்னால் நீங்கள் செல்போனில் ரிங்டோனாக வைத்திருந்த பாட்டை நினைத்து, ஐயோ அந்தப் பொற்காலம் என்று ஏங்கினால் எப்படி இருக்கும்? அதைத்தான் இவர்கள் செய்தார்கள். அவர்களுடைய சொந்தக் கணக்கிலோ, ஊர் மாறி வந்த 1963க்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வருடம். கேரனுக்கு அப்போது 12, 13, 14 வயது.

ஆனால் நடுவில் கிடந்த பத்து வருடம் சாதாரணப் பத்து வருடம் இல்லை. 1963 நவம்பரில் கென்னடி சுடப்பட்டார். 1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்காவில் இறங்கினார்கள், அதோடு பழைய பாணிக் குழுக்களுக்கு மவுசு குறைந்துபோயிற்று. அப்புறம் வியட்நாம் போர், கலவரங்கள், எதிர்க்கட்சி அலுவலகத்தில் புகுந்து மாட்டிக்கொண்ட வாட்டர்கேட் விவகாரம். ‘நவ் அண்ட் தென்’ வெளியான 1973 மே 1 அன்றைக்கே கார்பென்டர்ஸ் வெள்ளை மாளிகையில் பாடினார்கள், மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர் வில்லி பிராண்ட்டுக்கு அதிபர் நிக்ஸன் கொடுத்த விருந்தில். அதற்கு முந்தைய இரவுதான் நிக்ஸன் தொலைக்காட்சியில் தோன்றி, வாட்டர்கேட் விவகாரத்தில் தன் மிக நெருங்கிய உதவியாளர்கள் இருவர் விலகுவதாக அறிவித்திருந்தார். அந்த நிலைமையில் 1962 என்பது முப்பாட்டன் காலம் போலத் தெரிந்ததில் வியப்பில்லை. ஏக்கத்தின் தூரத்தை வருடத்தால் அளக்க முடியாது, நடுவில் என்ன நடந்தது என்பதால்தான் அளக்க முடியும்.

‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ படத்தைப் பார்த்துட்டு எழுதினதுதானே?

இந்தக் கேள்வி எப்போதும் சினிமா தெரிந்தவர்களிடமிருந்து வரும். 1962இல் ஒரே இரவில் நடக்கிற கதை, ராத்திரி முழுக்க கார் ரேடியோவில் பழைய பாட்டு. பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் படம் வந்தது 1973 ஆகஸ்டில். பாட்டு மே மாதமே வந்துவிட்டது.

இரண்டும் ஒரே காற்றில் முளைத்தவை. 1969இல் வுட்ஸ்டாக் ராக் இசைத் திருவிழாவில், நீளத் தலைமுடிக் கூட்டத்தின் நடுவே, ‘ஷ ந ந’ என்ற குழு எண்ணெய் வைத்து வாரிய தலையோடு 50களின் பாட்டுகளைப் பாடிவிட்டுப் போனது. 1972இல் 50களின் இளசுகளைப் பற்றிய ‘கிரீஸ்’ இசை நாடகம் நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்கு வந்தது. அதே வருடம் நியூயார்க்கின் டபிள்யூசிபிஎஸ் எஃப்எம் நிலையம் பழைய பாட்டுகளுக்கே மாறியது. பாட்டின் முதல் வரிகளில் ‘மறுபடி கேட்கக் கிடைக்கிறதே’ என்று சொல்வது கற்பனை இல்லை, அன்றைக்கு ரேடியோவைத் திருப்பினால் நடந்துகொண்டிருந்த விஷயம்.

எங்க வீட்டு அறுபதாம் கல்யாணத்துல பாடலாமா? சோகப் பாட்டுங்கறாங்களே.

தாராளமாகப் பாடலாம். மெட்டு சோகம் இல்லை, மேஜர் ஸ்கேல்தான், வேகமும் நிதானம். அந்த நாளை நினைத்தால் இந்த நாள் கொஞ்சம் வாடித் தெரிகிறது என்று ஒரு வரி வரும், சோகம் அந்த அளவுக்குத்தான். அறுபதாம் கல்யாணத்துக்கு வருகிறவர்கள் அந்த அளவு கண்ணைத் துடைக்கத் தயாராகத்தான் வருவார்கள்.

எந்த சுருதி? ஆரம்பமே எனக்குக் கீழே போயிடுது.

மூலப் பதிவு ஈ மேஜர், நம் கணக்கில் மூன்று கட்டை. கேரன் கீழ்ஸ்தாயியில் தொடங்குவார். ‘காசு இருப்பது கீழ்த்தளத்தில்தான்’ என்று தன் கீழ்க்குரலைப் பற்றி அவரே வேடிக்கையாகச் சொல்வதுண்டு. நம் ஊரில் மேலே பாடிப் பழகிய பெண்குரல்களுக்கு முதல் வரி காற்றாகப் போய்விடும். ஒன்றரைக் கட்டை ஏற்றிப் பாடுங்கள், கோரஸில் கத்தாமல் இருந்தால் போதும். ஆங்கில உச்சரிப்புக்குப் பயப்பட வேண்டாம். அவரே ஒவ்வொரு எழுத்தையும் தெளிவாகச் சொல்லித்தான் பாடுகிறார், கேட்டு அப்படியே சொன்னால் சரியாக வரும்.

இதைப் பாடும்போதே கேரனுக்கு அந்த நோய் இருந்துதா? அதை மனசுல வெச்சுத்தான் பாடினாங்களா?

இல்லை. பசியின்மை நோய் என்று பொதுவாகச் சொல்கிறார்கள், சரியாகச் சொன்னால் பசி இருந்தும் எடை கூடிவிடும் என்ற பயத்தில் உணவை ஒதுக்கவைக்கிற மனநோய். உடல் தளர்ந்து இசைப் பயணத்தை ரத்து செய்யும் நிலைக்கு அவர் வந்தது 1975இல். 1983 பிப்ரவரி 4ஆம் தேதி, டவுனியில் பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்து, இதயம் நின்று இறந்தார். வயது 32. இந்த நோயைப் பற்றி அமெரிக்காவில் பொதுவெளியில் பேச்சு எழுந்ததே பெரிதும் அந்த மரணத்துக்குப் பிறகுதான்.

பாட்டுக்கும் சாவுக்கும் நடுவே பத்து வருடம். பாட்டில் எந்த முன்னறிவிப்பும் கிடையாது, நாம்தான் பின்னாலிருந்து போய் அதில் ஏற்றுகிறோம். ஏற்றாமல் கேட்பது கஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். 23 வயதுப் பெண் ‘நான் சின்னவளாக இருந்தபோது’ என்று தொடங்கும்போது, தெரிந்தவர்களுக்குத் தொண்டை அடைக்கத்தான் செய்யும்.

என் பையன் ராக் கேக்கறவன். இதெல்லாம் சர்க்கரைப் பாகுன்னு சிரிக்கறான். என்ன பதில் சொல்ல?

அவன் சொல்வது புதிதில்லை, 1973இலேயே ராக் பத்திரிகைகள் அதைத்தான் எழுதின. நேரம் அப்படி. ஒரு பக்கம் போர் எதிர்ப்பு ஊர்வலம், இன்னொரு பக்கம் இஸ்திரி போட்ட சட்டையோடு நிக்ஸன் வீட்டில் பாட்டு. இளைய அமெரிக்காவின் சிறந்த முகம் என்று நிக்ஸனே பாராட்டினார், அதைவிடப் பெரிய கெட்ட பெயர் அன்றைக்கு வேறு கிடையாது. பையனிடம் இன்னொரு நியாயமும் இருக்கிறது. கறுப்பினத் தெருமுனைகளில் பிறந்த ஒலியை வழவழவென்று துடைத்து ஸ்டூடியோ கண்ணாடிக்குள் வைத்துவிட்டார்கள் என்று சொன்னால், இல்லை என்று நான் வாதாட மாட்டேன்.

அவனிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். 1994இல் ‘இஃப் ஐ வேர் எ கார்பென்டர்’ என்று ஓர் ஆல்பம் வந்தது. பெரும்பாலும் மாற்று ராக் குழுக்கள் கார்பென்டர்ஸ் பாட்டுகளைப் பாடியது. சோனிக் யூத் ‘சூப்பர்ஸ்டார்’ பாட்டை எடுத்துக்கொண்டார்கள், ‘யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்’ ரெட் கிராஸ் குழுவுக்கு. கேலி செய்யப் பாடிய மாதிரி இல்லை. கேட்டுவிட்டு வந்து சிரிக்கட்டும்.

அந்த எட்டுப் பாட்டுல ஒண்ணுகூட நான் கேட்டதில்லை. எனக்கு எதுக்குக் கண் கலங்குது?

இருப்பதிலேயே கஷ்டமான கேள்வி. நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பாட்டில் ஒரு பாட்டின் பெயரும் இல்லை, ஒரு ஊர் இல்லை, ஒரு வருடம் இல்லை. ரேடியோ, காத்திருத்தல், கூடச் சேர்ந்து பாடுவது, சில அசைகள், இவ்வளவுதான் இருக்கிறது. பெயரைப் போட்டிருந்தால் அது டவுனியில் வளர்ந்த பிள்ளைகளின் நினைவாக நின்றிருக்கும். போடாததால் காலி டப்பா மாதிரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் தங்கள் பாட்டை உள்ளே போட்டுக்கொள்ளலாம். ஜப்பானில் இந்தப் பாட்டைக் கொண்டாடினார்கள். அவர்களில் எத்தனை பேர் ஷெல்லி ஃபாபரேயைக் கேட்டிருப்பார்கள்?

எனக்கு உள்ளே வருவது துபாயிலிருந்து சித்தப்பா கொண்டுவந்த டேப் ரெக்கார்டர். அதில் இந்தப் பாட்டையே முதல் தடவை கேட்டேன். அதனால் என் கணக்கு இன்னும் கொஞ்சம் சிக்கல்: பழைய பாட்டுக்கு ஏங்குகிற பாட்டே எனக்குப் பழைய பாட்டு. முதல் மாடிப் பாட்டிக்கு ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாது. கோரஸ் வந்ததும் ‘ஷ-ல-ல-ல’வை மட்டும் சேர்ந்து பாடுவார். ஒருநாள் முடிந்த பிறகு, நடவு வயலில் பாடின குலவைப் பாட்டு ஒன்றை முழுசாகப் பாடிக் காட்டினார். அதிலும் பாதி தன்னானேதான்.

மாசா மாசம் இதையே வாசிக்கறீங்களே, வேற பழைய இங்கிலீஷ் பாட்டு கிடையாதா?

போன மாதம் ‘தி எண்ட் ஆஃப் தி வேர்ல்ட்’ வாசித்தேன். நன்றாக இருக்கிறது என்றார்கள், முடிந்ததும் ‘ஷ-ல-ல-ல எங்கே’ என்று கேட்டார்கள். இனி ஆல்பத்தின் இரண்டாம் பக்கம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்துவிடுவதாக இருக்கிறேன். ரிச்சர்ட் பாடுகிற மூன்று பாட்டுக்கும் ஆள் வேண்டும், விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். ரேடியோ அறிவிப்பாளருக்கு நான்காம் மாடி வங்கி மேனேஜர் பெயர் கொடுத்திருக்கிறார். எஞ்சின் உறுமலை வாயாலேயே செய்துவிடுவதாக இரண்டாம் மாடிப் பையன் ஒப்புக்கொண்டு, நான்கு நாளாகப் படிக்கட்டில் பழகிக்கொண்டிருக்கிறான்.